பங்களா மேசையும் நாமும்

(சங்கத்தின் நூற்றாண்டை முன்னிட்டுக் கொழும்புக் கிளை நடத்திய மதியபோசன ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



செயலாளர் எனக்குத் தந்த தலைப்பு கொஞ்சம் விசித்திரமானது. நூற்றாண்டு விழாவுக்குக் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிறவர்கள், "கொழும்பில் பழைய காலத்துப் பாணியில் நல்ல இடம் எது? அவசரமில்லாமல் உட்கார்ந்து சாப்பிட, விருப்பமானால் ஒரு கொக்டெய்ல் குடிக்க, சத்தமில்லாமல் நாலு வார்த்தை பேச எங்கே போகலாம்?" என்று எழுதிக் கேட்கிறார்களாம். முப்பது வருடம் ஹோட்டல் பிள்ளைகளுக்கு மேசைப் பரிமாறலைச் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் என்னைப் பிடித்துவிட்டார். "பழைய மாணவியர் சங்கத்தில் மது பற்றிப் பேச்சா?" என்று ஓர் அக்கா தொலைபேசியில் கேட்டார். பேசத்தான் வேண்டும் அக்கா. ஏன் என்று கொஞ்ச நேரத்தில் தெரியும்.

முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

கோட்டையில் துறைமுகத்துக்கு எதிரே கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல் இருக்கிறது. 1875இல் ஹோட்டலாகத் திறந்தது. கப்பலில் வந்து இறங்கியவர்கள் தெருவைக் கடந்தால் போதும், நேரே அங்கேதான். ரஷ்ய எழுத்தாளர் செக்கோவ் 1890இல் தங்கியது அங்கேதான். அதற்குப் பிறகு எத்தனையோ கை மாறிவிட்டது, பளபளப்பும் குறைந்துவிட்டது. ஆனால் மேல்மாடிச் சாப்பாட்டு அறையின் யன்னலோரம் உட்கார்ந்து துறைமுகத்தைப் பார்க்கிற சுகத்துக்கு நான் வேறு எதையும் ஈடு சொல்லமாட்டேன். காலிமுகத்திடல் ஹோட்டல் அதைவிட மூத்தது, 1864. பின்னேரம் ஐந்து மணிக்குக் கடல் பக்கத்து வராந்தாவில் இடம் பிடியுங்கள், ஆறு மணிக்குப் போனால் கிடைக்காது. கல்கிசை ஹோட்டல் ஆளுநர் மெயிட்லண்ட் 1806இல் கட்டிய மாளிகையிலிருந்து வளர்ந்தது. அங்கே சொல்லப்படும் காதல் கதையை நம்புவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். சமையலை நம்பலாம்.

கோட்டையிலுள்ள பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலை 2011இல் திருத்தப்பட்டு, உணவகங்களும் மதுச்சாலைகளுமாகத் திறந்தது. சுவர் 17ஆம் நூற்றாண்டு, பாட்டு இந்த வருடத்தது. இளையவர்களுக்குப் பிடிக்கும். எனக்குக் காது வலிக்கும். அல்பிரட் ஹவுஸ் வீதியில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா அலுவலகமாக வைத்திருந்த வீட்டில் இப்போது காலரி கஃபே நடக்கிறது. முற்றம், தூண், தண்ணீர்த் தொட்டி, அதன் பிறகுதான் மேசை. கண் முதலில் சாப்பிடட்டும் என்று நினைத்துக் கட்டிய இடம் அது.

மலையகத்துக்குப் போகிறவர்களுக்கு இரண்டு இடம். நுவரெலியா ஹில் கிளப் 1876இல் தோட்டத்துரைமாருக்காக ஏற்பட்டது. இன்றைக்கும் இரவு விருந்துக்கு ஆண்கள் கழுத்துப்பட்டி கட்ட வேண்டும். கொண்டுவராதவர்களுக்குக் கிளப்பே இரவல் கொடுக்கும். நமக்குச் சேலை போதும், அதைவிட மரியாதையான உடுப்பு அங்கே யாரிடமும் இருக்காது. மற்றது பண்டாரவளை ஹோட்டல், 1893. ரயில் பாதை பண்டாரவளையை எட்டிய காலத்துக் கட்டடம். பித்தளைக் கட்டில், மரத் தரை, தாழ்ந்த கதிரைகள். என் கணக்கில் இந்த நாட்டிலேயே "பழைய பாணி" என்று தனியாக வேஷம் போடாமல் பழையதாக இருக்கிற இடம் அதுதான்.

போகும் முன் நாட்காட்டியைப் பாருங்கள். போயா தினத்தில் எங்கேயும் மது கிடையாது. இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எந்த நாளும் கிடையாது.

நல்ல மதுச்சாலையை எப்படி அறிவது என்றும் கேட்டிருக்கிறார்கள். சுவரில் தொங்கும் பழைய கடிகாரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதைச் சந்தையில் வாங்கலாம். தேசிக்காயைப் பாருங்கள். கேட்டபிறகு வெட்டிப் பிழிகிறார்களா, காலையிலேயே பிழிந்து போத்தலில் வைத்திருக்கிறார்களா? ஐஸ் பெரிய கட்டியாக, தெளிவாக இருக்கிறதா, அல்லது கண்ணாடியில் போட்ட உடனே கரைகிற சில்லா? ஊற்றுகிற பிள்ளை அளவுக் கிண்ணத்தைப் பயன்படுத்துகிறதா? இந்த மூன்றும் சரியென்றால் கதிரை கிழிந்திருந்தாலும் உட்காருங்கள்.

இனிக் கண்ணாடிக்குள் இருப்பதைப் பற்றி. கொழும்பில் இப்போது மிகவும் பேசப்படும் கொக்டெய்ல் எல்லாம் தென்னஞ்சாராயத்தில் செய்தவை. இரண்டு பங்கு சாராயம், ஒரு பங்கு தேசிச்சாறு, முக்கால் பங்கு கித்துள் பாணி, ஐஸோடு நன்றாகக் குலுக்கி வடிக்க வேண்டும், அவ்வளவுதான். இதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று விற்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பனிக்காரர்கள் நமது கடற்கரைகளில் குடிக்கப் பழகிய "பஞ்ச்" என்பதும் ஏறக்குறைய இதுதான். சாராயம், எலுமிச்சை, சீனி, தண்ணீர், வாசனைச் சரக்கு என்று ஐந்து பொருள் சேர்வதால் "பஞ்ச" என்ற சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்று அகராதிகள் பொதுவாகச் சொல்கின்றன. இங்கிலாந்தின் விருந்து மண்டபங்களில் வெள்ளிக் கிண்ணம் வைத்துப் பரிமாறிய சரக்கு நம் பக்கத்துப் பனையடி, தென்னையடிச் சரக்கு.

ஜின்னும் டொனிக்கும் கேட்பவர்களுக்கு இன்னொரு கதை. டொனிக்கின் கசப்பு கொய்னாவின் கசப்பு, அது சின்கோனா மரப் பட்டையிலிருந்து வருவது. வெலிமடைக்குப் போகும் வழியில் நாம் சுற்றுலா போன ஹக்கல பூந்தோட்டம் ஞாபகமிருக்கிறதா? ரோசாப் பூவுக்காக அதை ஏற்படுத்தவில்லை. 1861இல் சின்கோனா வளர்த்துப் பார்க்கத்தான் அது தொடங்கியது. 1869இல் கோப்பி இலைக்கு நோய் வந்து தோட்டங்கள் நொடித்தபோது துரைமார் பலர் சின்கோனாவுக்குத் தாவினார்கள். மலைமலையாக நட்டு, பட்டையை உரித்து, 1880களில் உலகச் சந்தையை நிறைத்தார்கள். நிறைத்ததால் விலை விழுந்தது. பிறகுதான் தேயிலை எங்கும் பரவியது. கோப்பிக்குக் குழி வெட்டிய கைகளே சின்கோனாப் பட்டையையும் உரித்தன, தேயிலைக் கன்றையும் நட்டன. அந்தக் கைகளுக்குக் காய்ச்சல் வந்தபோது கிடைத்த கொய்னாத் தண்ணியில் ஜின் இருக்கவில்லை.

நான் இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இந்தப் "பழைய பாணி" என்பதை விலை கொடுத்து வாங்கப் போகும் நாம் அதற்கு அந்நியர் அல்ல. என் அப்பா கொஸ்லாந்தைப் பக்கம், மீரியபெத்தவுக்கு அடுத்த தோட்டமொன்றில் துரை பங்களாவின் குசினியில் வேலை செய்தவர். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் குறைந்தது பத்துப் பேருடைய அப்பாவோ தாத்தாவோ அப்படி ஒரு பங்களாவில் அப்புவாக, குசினிக்காரராக, தோட்டக்காரராக இருந்தவர். எனக்குத் தெரியும். நாம் அதைப் பாடசாலையில் வாய் திறந்து சொன்னதில்லை. கணக்கப்பிள்ளையின் மகள் சொல்லுவாள், கிளாக்கரின் மகள் சொல்லுவாள். குசினிக்காரரின் மகள் "அப்பா தோட்டத்தில் வேலை" என்று மட்டும் சொல்லுவாள்.

அப்பாவிடம் ஒரு கொப்பி இருந்தது. ஆங்கிலச் சாப்பாட்டுப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருப்பார். "ரோஸ் சிக்கன், பிரட் சோஸ்", "கெரமல் புடிங்", "ஸ்டூ" என்று வரிசையாக. அதில் ஒன்று "முல்லுகட்டாணி சூப்". துரைசாணி சொன்னதைக் காதில் விழுந்தபடி எழுதியது. ஹோட்டல் வேலைக்கு வந்து படித்தபோதுதான் அது நம்முடைய மிளகுத்தண்ணி என்று எனக்குத் தெரிந்தது. நம் சொல் கப்பலேறிப் போய், தொப்பி போட்டுத் திரும்பி வந்து, நம் வீட்டுக்காரரிடமே அந்நியப் பெயராக எழுதப்பட்டிருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. "அப்ப இத்தனை வருஷம் நம்ம ரசத்தையா வெள்ளப் பீங்கானில ஊத்திக் குடுத்தேன்?" என்று மட்டும் கேட்டார்.

லண்டன் கிளைத் தங்கைமார் ரீஜன்ட் தெருவில் 1926இல் தொடங்கிய வீராசாமி உணவகத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்வீர்கள். பெருமைப்படுங்கள். ஆனால் அந்த அகலக் கிண்ணத்து மிளகுத்தண்ணியின் நல்ல செய்முறைகள் ஹப்புத்தளை, லுணுகலைப் பக்கம் எண்ணெய்க் கறை பட்ட கொப்பிகளில் கிடக்கின்றன என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பரிமாறல் என்பதும் இலேசான வித்தை இல்லை. இடப்பக்கத்தால் உணவை நீட்ட வேண்டும், வலப்பக்கத்தால் எடுக்க வேண்டும். கண்ணாடியை விளிம்பில் தொடக் கூடாது. கடைசி ஆள் கரண்டியைக் கீழே வைக்கும்வரை ஒரு பீங்கானையும் எடுக்கக் கூடாது. பேச்சு சூடாகும்போது தூரப் போக வேண்டும், தண்ணீர் குறையும்போது கூப்பிடாமல் வர வேண்டும். இதை ஹோட்டல் பாடசாலையில் எனக்கு ஆறு மாதம் சொல்லித் தந்தார்கள். அப்பா விறகடுப்புப் பக்கம் நின்று, கதவிடுக்கால் அப்புவைப் பார்த்தே படித்தவர்.

இப்போது அந்த அக்காவின் கேள்விக்கு வருகிறேன்.

மது என்றால் நம் வீடுகளில் ஹில் கிளப் ஞாபகம் வராது. தவறணை ஞாபகம் வரும். சம்பள நாள் ஞாபகம் வரும். வாசலில் நின்று அப்பாவின் கை எப்படி இருக்கிறது என்று பார்த்தபிறகு விளக்கைக் கொளுத்திய அம்மாமார் நமக்கு இருந்தார்கள். சாராயத்துக்குக் காசில்லாத இடத்தில் கசிப்பு வந்தது, கசிப்பு கண்ணையும் ஈரலையும் கொண்டுபோனது. ஆகவே குடிக்கமாட்டேன் என்று உறுதியெடுத்த சகோதரிகளுக்கு நான் ஒரு வார்த்தையும் எதிராகச் சொல்லமாட்டேன். நானும் முப்பது வருடத்தில் ருசி பார்த்ததைத் தவிரக் குடித்ததில்லை. என் பிரச்சினை வேறு. ஒரே சாராயம். லயத்துக்காரன் தகரக் கோப்பையில் குடித்தால் அது ஒரு சமூகத்தின் சீர்கேடு என்று கட்டுரை எழுதுகிறோம். அதையே கித்துள் பாணி சேர்த்து, தண்டு வைத்த கண்ணாடியில் ஊற்றினால் பாரம்பரியம் என்கிறோம். இரண்டு இடத்திலும் ஈரல் ஒன்றுதான். கட்டுரையில் மட்டும்தான் வித்தியாசம்.

பெண்கள் விஷயத்தில் இன்னும் வேடிக்கை. மதுச்சாலையில் பெண்களுக்கு மது விற்கக் கூடாது, அங்கே பெண் வேலை செய்வதென்றாலும் அனுமதி வேண்டும் என்று இந்த நாட்டில் பழைய விதி ஒன்று இருந்தது. பெரிய ஹோட்டல்களில் யாரும் கவனித்ததில்லை. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கிக் கையெழுத்திட்டார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி சிறிசேன அந்த அறிவித்தலைத் திரும்பப் பெறச் சொன்னார். பத்திரிகைகளில் பெரிய விவாதம். எல்லோரும் குடிப்பதைப் பற்றியே விவாதித்தார்கள். என்னிடம் படித்த பிள்ளைகளுக்கு அது குடி பற்றிய கேள்வி அல்ல, வேலை பற்றிய கேள்வி. ஹோட்டல் சம்பளத்தில் சேவைக் கட்டணம் சேர்ந்து வரும். ஒரு பெண் மது மேசைக்குப் பின்னால் நிற்க முடியாது என்றால் அந்த ஏணியில் நாலு படி அவளுக்கு இல்லை என்று அர்த்தம்.

ஆனால் விதியைவிடப் பெரிய தடை நம் வீட்டு வாசலில் நிற்கிறது. பண்டாரவளையிலேயே அரசாங்க ஹோட்டல் முகாமைத்துவப் பாடசாலைக் கிளை இருக்கிறது, நம் பிள்ளைகளுக்குப் பக்கத்தில். "பொம்பளப் புள்ளைய ஹோட்டல் வேலைக்கா அனுப்புறது?" என்று கேட்கிற அதே அப்பா, அந்தப் பிள்ளையைத் தெரியாத ஒரு வீட்டு வேலைக்கு வளைகுடாவுக்கு விமானம் ஏற்றி அனுப்புகிறார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு ஹோட்டல் என்றால் தவறணையின் பெரிய உருவம். அங்கே நின்று கௌரவமாகச் சம்பாதித்த ஒரு பெண்ணை அவர் கண்ணால் பார்த்ததில்லை. நாம் போய்க் காட்டினால்தானே பார்ப்பார்?

இனி ஒரு விஷயம். அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம்.

இந்தப் பழைய பாணி மதுச்சாலைகளில் சுவரில் ஒரு படம் கட்டாயம் இருக்கும். பழுப்பேறிய படம். தலையில் கயிறு, முதுகில் கூடை, மூக்குத்தி, படம் பிடிப்பவரைப் பார்க்கும் கண். கீழே "தேயிலை கொய்யும் பெண்" என்று இருக்கும், அல்லது ஒன்றும் இருக்காது. பெயரில்லை, தோட்டமில்லை, வருடமில்லை.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மீரியபெத்தவில் மலை இறங்கி வந்து லயங்களை மூடியது உங்களுக்குத் தெரியும். அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது என்பதும் தெரியும். சாமான் சட்டியைத் திரும்ப வாங்கலாம். மண்ணுக்குள் போன படங்களை எங்கே வாங்குவது? என் உறவுக்காரப் பெண்ணொருத்தி முகாமில் இருந்தபோது என்னிடம் கேட்டது காசு அல்ல. "அக்கா, எங்க கல்யாணத்துக்கு நீங்க வந்தீங்களே, அம்மா நிக்கிற படம் ஏதும் ஒங்ககிட்ட இருக்கா?" என்றாள். என்னிடம் ஒன்று இருந்தது, பாதி முகம் மறைந்து. அதைப் பெரிதாக்கிக் கொடுத்தேன்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து ஒரு திறப்பு விழாவுக்காகக் கொழும்பில் ஒரு புதிய "பழைய" மதுச்சாலைக்குப் போனேன். சுவர் முழுக்க நம் பெண்கள். ஒரு தாயின் படம் கிடைக்காமல் மகள் அலைகிறாள், இங்கே இத்தனை தாய்மார் பெயரில்லாமல் சுவருக்கு அழகாகத் தொங்குகிறார்கள். நான் முகாமையாளரைக் கூப்பிட்டு, மரியாதையாக, "தம்பி, இவங்க யாரு?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அதுவரை யாரும் கேட்டதே இல்லை.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கு அத்தாட்சி உண்டு. சிங்கப்பூர் ராஃபிள்ஸ் ஹோட்டலில் உலகப் புகழ்பெற்ற சிங்கப்பூர் ஸ்லிங் பானத்தைக் கலந்தவர் ஙியம் தோங் பூன் என்ற ஹைனான் சீனத் தொழிலாளி. நூறு வருடத்துக்குப் பிறகும் அந்த ஹோட்டல் அவர் பெயரைச் சொல்லித்தான் விற்கிறது. நமது காலிமுகத்திடல் ஹோட்டல் வாசலில் வெள்ளை மீசையோடு நின்ற குட்டனை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கேரளத்திலிருந்து வந்து, 1942இல் வேலைக்குச் சேர்ந்து, எழுபது வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தவர். மீரியபெத்த மண்சரிவு நடந்து சில கிழமைகளில், 2014 நவம்பரில், தமது 94ஆம் வயதில் காலமானார். உலகப் பத்திரிகைகள் அவர் பெயரைப் போட்டு எழுதின. கதவு திறந்தவருக்குப் பெயர் உண்டு, பானம் கலந்தவருக்குப் பெயர் உண்டு. கொழுந்து எடுத்தவளுக்கும் குசினியில் நின்றவருக்கும் ஏன் இல்லை?

ஆகவே கொழும்பில் நல்ல இடம் தேடுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். போங்கள். நல்ல சேலை உடுத்திக்கொண்டு போங்கள். முன்பு கிளப் கதவுகள் நம்மவர்களுக்குப் பின்பக்கத்தால் மட்டுமே திறந்தன, நீங்கள் முன்பக்கத்தால் போங்கள். மது வேண்டாமென்றால் ஊவாத் தேநீரைக் குளிர வைத்து, இஞ்சி, தேசி, கித்துள் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். ஜூலைக்கும் செப்டெம்பருக்கும் இடையில் கச்சான் காற்று வீசும்போது எடுத்த கொழுந்தாக இருந்தால் அந்த வாசனைக்கு வேறு சரக்கே தேவையில்லை. சாப்பிட்டு முடிந்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள். படத்தில் இருப்பவர் யார்? மிளகுத்தண்ணி செய்தவர் யார்? இரண்டாவது கேள்விக்கு அநேகமாக உள்ளேயிருந்து ஒரு தம்பி கையைத் துடைத்துக்கொண்டு வருவார். ஊர் எது என்று கேளுங்கள். பசறை, பதுளை, தலவாக்கலை, ஹட்டன் என்று ஏதாவதொன்றைச் சொல்லுவார். எனக்கு இது பலமுறை நடந்திருக்கிறது. அவருக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால் பில்லில் சேர்க்காமல் கையில் கொடுங்கள்.

கடைசியாக ஓர் அறிவித்தல். விழாக் கிழமையில் பண்டாரவளை ஹோட்டலில் ஒரு பகல் விருந்து வைக்கலாம் என்று தலைவியிடம் கேட்டிருக்கிறேன், சம்மதித்திருக்கிறார். வருகிறவர்கள் வீட்டில் அப்பா, தாத்தா எழுதி வைத்த சமையல் கொப்பி, துரை கொடுத்த நற்சான்றுக் கடிதம், பங்களா வாசலில் எடுத்த படம் ஏதாவது இருந்தால் கொண்டு வாருங்கள். படியெடுத்துவிட்டு அன்றைக்கே திருப்பித் தந்துவிடுவோம். படத்தின் பின்னால் பென்சிலால் பெயரும் தோட்டமும் எழுதிக்கொண்டு வாருங்கள். பேனாவால் வேண்டாம், மை முன்பக்கத்துக்கு ஊறிவிடும். எண்ணெய்க் கறை இருந்தால் வெட்கப்பட வேண்டாம், என் அப்பாவின் கொப்பியில் முல்லுகட்டாணிப் பக்கம் முழுவதும் மஞ்சள்தான்.